போலி கிட்டார் பிக்அப்: கையில் இருப்பது கடைக்காரர் கொடுத்ததுதான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

கேள்வி: திருச்சியில் மெல்லிசைக் குழுவிலும் சர்ச்சிலும் கிட்டார் வாசிக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் சென்னைக் கடை ஒன்றில் வாட்ஸ்அப்பில் பேசி, சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி, 59 என்ற இரண்டு மாடல் பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம்) கொண்ட செட்டை ரூ.17,500-க்கு வாங்கினேன். போன மாதம் வயரிங் பார்த்த டெக்னீஷியன் இரண்டையும் கழற்றிப் பார்த்துவிட்டு, டூப்ளிகேட் என்றார். ஜேபியின் ரெசிஸ்டன்ஸ் 8.2 கிலோ ஓம்தான் காட்டியது. நானே டேப்பைப் பிரித்துக் காந்தத்தை உருவினேன், செராமிக். கடைக்காரரிடம் கேட்டால், "உங்க காதுக்கு ஒரிஜினல் எதுக்கு?" என்று அவமானப்படுத்தி பிளாக் செய்துவிட்டார். கடைப் பெயரைப் போட்டு, போலி என்று ஃபேஸ்புக்கில் எழுதியிருக்கிறேன். நண்பர் ஒருவர் இந்தச் செட்டை ரூ.6,000-க்குக் கேட்கிறார். மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? போலீஸுக்கும் போகலாமா?

பதில்: அவர் உங்கள் காதைப் பற்றிச் சொன்னதும் பிளாக் செய்ததும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் வழக்கு அதை வைத்து நகராது. ஒரிஜினல் என்று சொல்லித்தான் விற்றார் என்பதிலும் சிக்கல் இல்லை. பில்லில் "பிக்அப் செட்" என்று மட்டும் இருந்தாலும், "100% ஒரிஜினல் டங்கன், பாக்ஸ் பீஸ்" என்று அவரே எழுதிய மெசேஜ் உங்களிடம் இருக்கிறது. உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே விஷயத்தில்தான்: இன்று உங்கள் கையில் இருக்கும் பிக்அப், அன்று அவர் கூரியரில் அனுப்பிய அதே பிக்அப்தான் என்று காட்ட முடியுமா?

அவர் தரப்பு பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். "நான் அனுப்பியது அசல். இவருடைய டெக்னீஷியன் மாற்றிவிட்டார், அல்லது இவரே காந்தத்தை மாற்றிவிட்டு என் மேல் பழி போடுகிறார்." போலிப் பொருள் வழக்குகளில் நான் அதிகம் பார்த்த பதில் இதுதான். வாட்ச், செல்போன், கார் உதிரிபாகம் என்று எது வாங்கி ஏமாந்தவரும், சந்தேகம் வந்த அன்றே பொருளைப் பிரித்துப் பார்த்துவிடுகிறார். உண்மை அவருக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் சாட்சியம் அந்த நிமிடமே கெட்டுவிடுகிறது. ஜேபியில் அல்னிகோ 5 காந்தம் இருக்க வேண்டும், செராமிக் இருந்தால் அது போலி. நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் காந்தம் அடித்தகட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் வெளியே வந்துவிடும் பொருள். உருவியது நீங்கள், பக்கத்தில் சாட்சி இல்லை, வீடியோவும் இல்லை.

8.2 என்ற அளவையும் அப்படியே நம்பி மனுவில் எழுதாதீர்கள். ஜேபியின் அளவு 16 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் சொல்வது ஏறத்தாழ அதில் சரிபாதி. அந்த பிக்அப்பில் இரண்டு காயில் (செம்புக் கம்பிச் சுருள்). சிவப்பு வயரையும் வெள்ளை வயரையும் சேர்த்து முறுக்கி, கறுப்புக்கும் பச்சைக்கும் இடையே அளந்தால்தான் முழு அளவு வரும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே அளந்தால் அசல் ஜேபியே ஏறத்தாழ 8 காட்டும். எதிர்தரப்பு வக்கீலுக்கு இது தெரியாமல் போகாது, கடைக்காரர் சொல்லிக் கொடுப்பார். டெக்னீஷியன் எந்த வயர்களுக்கு இடையே அளந்தார் என்று இன்றைக்கே கேளுங்கள். திரும்ப அளப்பதாக இருந்தால் வீடியோ எடுத்து அளக்கச் சொல்லுங்கள். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். திருச்சி வெயிலில் அளந்ததையும் கம்பெனி ஏசி அறையில் அளந்ததையும் தசமத்துக்குத் தசமம் ஒப்பிட்டால் அதையும் கேள்வி கேட்பார்கள்.

இரண்டு விஷயங்கள் உங்களைக் காப்பாற்றக் கூடும். ஒன்று, நீங்கள் எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் குவியலில் இருக்கும் ஒரு படம். விற்பதற்கு முன் கடைக்காரர் மேஜையில் வைத்து எடுத்து அனுப்பியது. பெரிதாக்கிப் பாருங்கள்: ஜேபியின் அடித்தகட்டில், கேபிள் வெளிவரும் இடத்தை ஒட்டி, நீள்வட்டமாக ஒரு ஈயப் பொட்டு. பக்கத்தில் தகட்டின் விளிம்பில் ஒரு கீறல். நீங்கள் அனுப்பிய படத்திலும் அதே இடத்தில் அதே பொட்டும் கீறலும் இருக்கின்றன. கடிதம் முழுக்க நீங்கள் எழுதிய அவமானத்தைவிட இந்தப் பொட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, 59 பிக்அப்பை நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கவே பிரிக்காதீர்கள். அப்படியே கவரில் போட்டு ஒட்டி, டெக்னீஷியனையும் இன்னொருவரையும் தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பொருளைச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கிட்டார் பிக்அப் அசலா போலியா என்று சொல்ல வழக்கமான பரிசோதனைக் கூடத்துக்கு அனுபவம் இருக்காது. டங்கன் கம்பெனிக்குப் படங்களோடு எழுதி எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். டெக்னீஷியனிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள்.

இனி, நான் நிஜமாகவே பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 6,000 ரூபாய். தயவு செய்து விற்காதீர்கள். வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 104-வது பிரிவு கடைக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டது அல்ல. போலிச் சின்னம் உள்ள பொருளை யார் விற்றாலும், விற்பதற்காகக் கையில் வைத்திருந்தாலும் பொருந்தும். தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. தெரியாமல் விற்றேன் என்று ஒருவர் தப்பிக்கலாம், உங்களால் முடியாது. போலி என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு உங்கள் ஃபேஸ்புக் பதிவே சாட்சி. நண்பரிடம் உண்மையைச் சொல்லித்தான் விற்கிறேன் என்றாலும் அந்த லோகோ அதிலேயே இருக்கிறது. நாளை அவர் அதை ஒரிஜினல் என்று இன்னொருவருக்குத் தள்ளினால் விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும். அதோடு, உங்கள் ஒரே தடயமும் கைவிட்டுப் போகும். ஏமாந்தவரே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஃபேஸ்புக் பதிவைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு இப்போதைக்கு மறைத்து வையுங்கள். அவதூறு வழக்கில் உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும், அதற்கான ஆதாரம் இன்னும் முழுதாக உங்களிடம் இல்லை. அப்புறம், "பணம் தராவிட்டால் போலீஸில் கொடுப்பேன்" என்று வேறு நம்பரிலிருந்து மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டார் என்று அவர் முந்திக்கொள்வார்.

போலீஸ் புகாரை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். வணிகச் சின்னங்கள் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனையிட்டுக் கைப்பற்ற டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன் வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தையும் வாங்க வேண்டும். ஒரு செட்டுக்காக அவ்வளவு தூரம் நகர்வது அபூர்வம்.

வழக்கை திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. கச்சேரிக்கு வாங்கியது வணிக நோக்கம் என்பார்கள். வாசித்துத்தான் பிழைக்கிறேன், சொந்த உபயோகத்துக்கு வாங்கினேன் என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். 5 லட்சத்தை மறந்துவிடுங்கள். 17,500 ரூபாய் பொருளுக்கு அவ்வளவு தர மாட்டார்கள், கேட்ட தொகையே உங்கள் புகாரின் மேல் சந்தேகத்தைக் கிளப்பும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். ஈயப் பொட்டுப் படத்தையும் "100% ஒரிஜினல்" மெசேஜையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு, வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் மட்டும். 17,500-ம் கூரியர் செலவும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் பேசி 15,000 என்றாலும் நான் வாங்கிக்கொள்ளத்தான் சொல்வேன். பணம் கணக்கில் ஏறிய பிறகே பிக்அப்பைக் கொடுங்கள், கொடுக்கும்போது காந்தம் உட்பட ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். "போலீஸுக்குப் போக மாட்டேன்" என்று அந்தக் காகிதத்தில் எழுதாதீர்கள், குற்றத்தை மறைக்கப் பணம் வாங்கியதாகிவிடும். பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் இருக்கட்டும்.

நோட்டீஸுக்கு 15 நாள் அவகாசம் கொடுங்கள், இழுத்தடித்தால் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டுக் கெடு. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே அதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது.