எந்த ஆணையத்துக்கு எழுதுவது: புளியரையா, ஆரியங்காவா?

உங்கள் தம்பியைக் காவலர்கள் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கேரள மாநில மனித உரிமை ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டும். தம்பியின் ஊர் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள புளியரை என்றாலும், அடித்ததாக நீங்கள் சொல்லும் காவலர்கள் கேரள அரசின் ஊழியர்கள். சம்பவமும் கேரளத்தில், ஆரியங்காவுப் பக்கம் நடந்தது. சென்னையில் உள்ள தமிழ்நாட்டு ஆணையம் அவர்களிடம் விளக்கம் கேட்க முடியாது.

ஒரே மனுவைச் சென்னை, திருவனந்தபுரம், டெல்லி மூன்றுக்கும் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். மனு நகராத சிக்கல் அநேகமாக அங்கேதான். மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993, பிரிவு 36(1)படி ஒரு மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதை டெல்லியில் உள்ள தேசிய ஆணையம் விசாரிக்காது. மூன்று கதவையும் தட்டினால் மூன்றும் திறக்கும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு, இங்கே நேர்மாறு.

அதனால் முதலில் மூன்று மனுக்களின் பதிவு எண்களையும் வைத்து, எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். டெல்லியில் மட்டும் நிலுவை என்றால், பிரிவு 13(6)ஐக் குறிப்பிட்டு, கேரள ஆணையத்துக்கு மாற்றச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் போதும். மாற்றினால் அங்கேயே முதலில் கொடுத்த மனுவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரு மாநிலச் சண்டையாகத் தெரிந்தால் டெல்லியிலேயே விடலாம். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றதைத் தேசிய ஆணையம்தான் கையில் எடுத்தது.

அப்புறம், சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் விசாரிக்க மாட்டார்கள். ஆணையம் பரிந்துரைதான் செய்யும், தண்டிக்காது. காயத்துக்கான மருத்துவச் சான்று இருந்தால் நகலை மட்டும் அனுப்புங்கள்.