வாசகர் கேள்வி–பதில்: அட்டையில் வந்த வசனம் போகச் சொல்கிறதா?

கேள்வி: ஐயா, என் கணவருக்குக் கட்டாரில் ஹோட்டல் வேலை ஒன்று வந்திருக்கிறது. ஏஜென்சிக்குக் காசு கட்ட என் நகையை அடகு வைக்கவேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னவர்கள். வருடப்பிறப்பு ஆராதனையில் பெட்டியிலிருந்து நான் எடுத்த வாக்குத்தத்த (வேத வசன) அட்டையில் "நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ" என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்சியிலிருந்து கோல் வந்தால் அதுவே அடையாளம் என்று ஜெபித்தேன். வியாழனே வந்துவிட்டது. இது கர்த்தருடைய சித்தம்தானே?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, காசு வரவேண்டிய இடத்துக்கு ஏஜென்சிக்காரர் கோல் எடுக்கத்தான் செய்வார். எப்படியும் நடக்கப்போவதை அடையாளமாகக் கேட்டால் அது வந்தாலும் ஒன்றும் தெரியவராது. கிதியோனும் பனியில் மயிருள்ள தோலைப் போட்டுக் கர்த்தரிடம் அடையாளம் கேட்டாரே என்பீர்கள். நியாயாதிபதிகள் 6-ஐ ஆரம்பத்திலிருந்து வாசியுங்கள். 14-ஆம் வசனத்திலேயே இஸ்ரவேலை மீட்கப் போ என்று கர்த்தர் அவரிடம் சொல்லிவிட்டார். தோல் வருவது 36-இல். சித்தத்தை அறிய அல்ல, அறிந்த பிறகும் பயம் போகாததால் கேட்டார். இரண்டாம் முறை கேட்கும்போது கர்த்தர் கோபிப்பாரோ என்று அவரே அஞ்சுகிறார்.

அட்டை விஷயம். அது ஆதியாகமம் 12:1, ஆபிராமுக்குச் சொன்னது. அதே பெட்டியில் சங்கீதம் 37:3-உம் இருந்திருக்கலாம்: "தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்." உங்கள் கை அதில் பட்டிருந்தால் கணவர் கொழும்பிலேயே நின்றிருப்பாரா? இன்னொன்று, ஆபிராம் சாராயையும் கூட்டிக்கொண்டுதான் புறப்பட்டார் (12:5). வசனம் ஆறுதல் தரட்டும். ஆனால் யாருக்கு, எப்போது, எதற்குச் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் அதைக் கொண்டு விமான டிக்கெட் போடவேண்டாம்.

முதலில் கேள்வியைச் சரியாக எழுதுங்கள். "போகலாமா" என்பது போதாது. "இந்தச் சம்பளத்துக்கு, இந்தக் கடனோடு, இரண்டு வருடம் பிள்ளைகளைப் பிரிந்து இவர் போகவேண்டுமா" என்று ஒரே வரியில், இருவரும் சேர்ந்து எழுதுங்கள். அடுத்தது விசாரணை, இதுவும் ஜெபத்தின் பகுதிதான். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே கேளுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள சம்பளமும் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றா? அடகு வட்டி போக மாதம் வீட்டுக்கு எவ்வளவு வரும்? இதைக் கேட்காமல் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதை விசுவாசம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

பிறகு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பைபிளைக் கண்ணை மூடித் திறக்காமல், ஒரு நிருபத்தை (பவுலின் கடிதங்கள் போன்றதை) ஒழுங்காக வாசியுங்கள். முதல் மூன்று நாள் "போவதாக முடிவு" என்று வைத்து நடங்கள். அடுத்த மூன்று நாள் "போகாமல் இருப்பதாக முடிவு". ஒவ்வொரு இரவும் இருவரும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் காட்டாமல், இரண்டு வரி எழுதுங்கள்: எது மனதை அமர்த்தியது, எது குழப்பியது. ஏழாம் நாள் சேர்த்து வாசியுங்கள். இதில் பலர் தவறுவது, விரும்பிய பதில் மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது என்று கொப்பியை மூடிவிடுவதில்.

கடைசியாக, இந்தப் பயணத்தால் ஒரு சதமும் இலாபம் இல்லாத இரண்டு பேரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். அப்போஸ்தலர் 16-இல் மக்கெதோனியாவுக்கு வரச்சொல்லும் தரிசனத்தைக் கண்டது பவுல் மட்டும். ஆனால் 10-ஆம் வசனத்தில் நிச்சயித்துக்கொண்டது "நாங்கள்". அதற்கு முன் ஆசியாவிலும் பித்தினியாவிலும் இரண்டு தடைகள். அடைபட்ட கதவும் வழிநடத்துதல்தான்.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "இந்தப் பையன்தான் உன் மகளுக்குக் கர்த்தர் வைத்தவர்" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். மகளுக்குப் பிடிக்கவில்லை. மறுத்தால் கீழ்ப்படியாமையா?
— தாய், வத்தளை

பதில்: இல்லை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவேண்டாம் என்றதற்கு அடுத்த வசனமே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறது (1 தெசலோனிக்கேயர் 5:20-21). மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்பது சபை ஒழுங்கு (1 கொரிந்தியர் 14:29). சோதிக்கக்கூடாது என்று அவர் சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பவுல் எருசலேமில் கட்டப்படுவார் என்று தீர்க்கதரிசி அகபு சொன்னது உண்மையாகவே நடந்தது (அப்போஸ்தலர் 21). ஆனால் அதைக் கேட்டு "எருசலேமுக்குப் போகவேண்டாம்" என்று மன்றாடியவர்களின் பேச்சைப் பவுல் ஏற்கவில்லை. திருமணம் மகளுக்கு, அவளுடைய "வேண்டாம்" என்பதையும் கர்த்தர் கேட்கிறார்.

கேள்வி: மனதில் சமாதானம் இல்லை என்றால் தேவன் வேண்டாம் என்கிறார் என்று அர்த்தமா?
— வாசகர், தெகிவளை

பதில்: எப்போதும் அல்ல. துரோவா பட்டணத்தில் ஊழியத்துக்குக் கதவு திறந்திருந்தும் தன் உடன் ஊழியர் தீத்துவைக் காணாததால் பவுலின் ஆவிக்கு அமைதியில்லை. அவர் புறப்பட்டுவிட்டார் (2 கொரிந்தியர் 2:12-13). கெத்செமனேயிலோ இயேசு வியாகுலப்பட்டார்; பிதாவின் சித்தமோ சிலுவையாகவே இருந்தது. கலக்கம் எதைப் பற்றியது என்று பாருங்கள். பொய், மறைப்பு, யாருக்காவது அநியாயம் என்பதைச் சுற்றி வந்தால் நில்லுங்கள். ஒரு புதிய வேலையின் இடம், ஆங்கிலம், மேலதிகாரி பற்றியதென்றால் அது பெரும்பாலும் பயம். மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவைச் சோர்ந்திருக்கும்போது மாற்றவேண்டாம் என்பது 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தந்த விதி. இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு மறுபடி பாருங்கள்.