ஆற்றோர மலைவீட்டுக்கு இரண்டு நாள் போவதென்றால், பதிவு செய்யும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

மலையில் ஆற்றங்கரை ஹோம்ஸ்டே ஒன்றின் படம் பிடித்துப்போய்விட்டது, சனி ஞாயிறு போய் வரலாமா, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தில் தெரியாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

‘ஆற்றோரம்’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். வாசலில் இறங்கினால் தண்ணீர் என்பதும் ஆற்றோரம்தான், இருநூறு படி இறங்கி ஏற வேண்டியதும் ஆற்றோரம்தான். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டி எதுவரை வரும்? வழியில் தரைப்பாலம் உண்டா? பெருவெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது? மூன்றாவது கேள்விக்கு “இங்கெல்லாம் வராதுங்க” என்று சட்டென்று பதில் வந்தால், போய் இறங்கியதும் நீங்களே பாருங்கள். கரையோர மரக்கிளைகளில் சருகு, பிளாஸ்டிக், கந்தல் எல்லாம் சிக்கிக் காய்ந்து கிடக்கும். அந்த உயரம்தான் ஆறு கடைசியாகத் தொட்ட உயரம். அறை அதற்குக் கீழே இருந்தால் மழைக்காலத்தில் அங்கே தூங்க வேண்டாம். தரைப்பாலம் இருந்தால் ஓர் இரவு மழையில் நீங்கள் அக்கரையில் மாட்டிக்கொள்ளலாம். திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு அந்த வீடு சரிவராது.

அடுத்தது பயணக் கணக்கு. மலைச்சாலையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஒரு வழிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடம் இரண்டு நாளுக்கு ஒத்துவராது. ஆற்றைவிட வண்டியின் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்த களைப்போடு வெள்ளி இரவே கிளம்புவதைவிட, தூங்கி எழுந்து சனி விடியலில் கிளம்புவது மேல். பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் போய்விடும். முகட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும், அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே இருட்டு கட்டத் தொடங்கும். மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு ஆறு உங்களுக்கு இல்லை.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவதுதான் பலர் செய்யும் தவறு. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் குறைந்த கியரிலேயே வைத்திருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கோணிவிடும் அல்லது விரிசல் விடும். வாந்தி வருபவர்கள் மாத்திரையை மலையேறத் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்; குமட்டல் வந்தபின் போட்டுப் பெரிதாகப் பலன் இல்லை. அந்த மாத்திரைகள் பெரும்பாலும் தூக்கம் தரும். ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

இனி ஆறு. மலையாறு உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையைப் பார்த்து ஏறுவதில்லை. மேலே பல கிலோமீட்டர் தள்ளிக் கொட்டிய மழை, இங்கே வெயில் அடிக்கும்போது வந்து சேரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, கொஞ்ச நேரம் முன்பு வெளியே தெரிந்த கல் மூழ்கியிருப்பது - இதில் ஒன்றைக் கண்டாலும் துணி, செருப்பு, போன் என்று பொறுக்கிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்று நடுவில் இருக்கும் பாறையில் போய் உட்காருவது படத்துக்கு அழகு. தண்ணீர் ஏறினால் முதலில் துண்டிக்கப்படுவது அந்தப் பாறைதான். மேலே அணை இருந்தால் எந்த நேரத்தில் திறப்பார்கள், சங்கு ஊதுவார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பனி உருகி வரும் ஆறு என்றால் காலையில் தாண்டிய ஓடையை மாலையில் தாண்ட முடியாமல் போகலாம், பகல் வெயிலில் உருகியது அப்போதுதான் வந்து சேரும்.

வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 என்றால் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போய்விடும். “முழங்கால்கூட இல்லை” என்று தரைப்பாலத்தில் வண்டியை இறக்குகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தெளிந்த நீரில் ஆழமும் ஏமாற்றும்: நான்கு அடி ஆழம் மேலிருந்து பார்த்தால் மூன்று அடியாகத் தெரியும். ஓடும் தண்ணீர் திடீரென்று அமைதியாகி, கரும்பச்சையாக நிற்கும் இடம் பெரும்பாலும் மடு, அதாவது ஆழமான பள்ளம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். மற்ற இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அதுவும் குடிக்காத ஒருவர், நிற்க வேண்டும்.

மலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் குதித்தவுடன் மூச்சு தானாக இழுக்கும், அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. அதனால் குதிக்காமல், முகம், கழுத்து, கை நனைத்து மெல்ல இறங்குங்கள். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், ஓட்டத்தில் கழன்றும் போகும். பின்வார் வைத்த செருப்பு தேவை.

அடித்துக்கொண்டு போனால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் உடம்பை மடக்கி முகத்தை நீருக்குள் அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மேலே தூக்கி வைத்து, கைகளால் துடுப்புப் போட்டுச் சாய்வாகக் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். கரையில் இருப்பவர் குதிக்காமல் கயிறோ கம்போ முறுக்கிய துணியோ நீட்ட வேண்டும், அதையும் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். நின்றபடி நீட்டினால் இழுப்பில் அவரும் விழுவார்.

ராத்திரிக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதோடு, தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், ஆற்றோர வீடு மேலே சரிவில் இருக்கும் வீட்டைவிடக் குளிரலாம். அங்கே ஈரத்துணி காயாது. ஜீன்ஸ் இரண்டு நாளும் ஈரமாகவே ஊருக்குத் திரும்பும். லேசான துணியில் ஒரு மாற்று கூடுதலாக வையுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்துவது உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் அதே ஆபத்துதான். மின் கீசர் 15 லிட்டர் என்றால் 60 டிகிரி தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து சுமார் 30 லிட்டர் வரும், இருவர் குளிக்கலாம். மூன்றாவது ஆள் இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும். நால்வர் ஒரே அறையில் தங்கினால் வெந்நீர்ச் சண்டை நிச்சயம்!

தூக்கம் லேசானவர்கள் ஆற்றுக்கு எதிர்ப்புறத்து அறையைக் கேளுங்கள். பகலில் சலசலப்பாகக் கேட்டது ராத்திரி இரைச்சலாகிவிடும்.

ஆற்றுநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடம் கொதிக்கவைத்துக் குடியுங்கள், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். அட்டை கடித்தால் தீயும் உப்பும் வேண்டாம், அது கக்கினால் புண்ணில் கிருமி சேரும். மெலிந்த முனைப் பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டி வழித்தால் விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் ரத்தம் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும்.

நடைக்கும் குளியலுக்கும் காலையை ஒதுக்குங்கள். மலையில் வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, பிற்பகலில்தான் பெரும்பாலும் மழை பிடிக்கும். ஞாயிறு மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொண்டு, திரும்பும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது. இன்னொன்று: கனமழை எச்சரிக்கை வந்து ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டிய பணம் போகுமே என்று மழையில் கிளம்புகிறவர்கள்தான் தரைப்பாலத்தில் போய் நிற்கிறார்கள்.