கறை ஓரிடம், கசிவு வேறிடம்: வீட்டுப் பரிசோதனை கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வீட்டைப் பரிசோதித்தபோது வெளிப்பட்ட ஓதத்தை, அதாவது சுவரில் ஊறும் ஈரத்தைப் பற்றியவை. ஒரே செய்தியைச் சுற்றி வந்தவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வாங்கவிருக்கும் வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஈரமானி 24 காட்டியதாகப் பரிசோதகர் எழுதியிருக்கிறார். தொட்டுப் பார்த்தால் சுவர் காய்ந்துதான் இருக்கிறது. கருவி பொய் சொல்கிறது என்கிறார் விற்பவர். யாரை நம்புவது?

எவரையும் முழுதாக நம்ப வேண்டாம். ஊசி வகை ஈரமானி இரண்டு ஊசிகளுக்கு இடையேயுள்ள மின்தடையை அளந்து, அதை மரத்தின் ஈரப்பத விழுக்காடாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே மரச்சட்டத்தில் 24 என்றால் அது பொருட்படுத்த வேண்டிய எண். 20 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நனைந்து கிடக்கும் மரம் மக்கத் தொடங்கும். பூச்சுச் சுவரிலோ அதே 24 ஓர் ஒப்பீட்டு எண் மட்டுமே. உப்பேறிய சுவர் காய்ந்த பிறகும் மிகையாகவே காட்டும். அதே சுவரில் தரைமட்டத்திலிருந்து ஒரு சாணுக்கு ஓர் அளவு என்று மேலே சென்று குறித்துத் தரச் சொல்லுங்கள். மேலே போகப் போக எண் குறைந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் அடங்கிவிட்டால், நிலத்து ஈரம் ஏறுகிறது என்று ஐயப்படலாம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் எகிறினால், அங்கே குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது சோதனையே அன்று. மேலே வண்ணப்பூச்சு காய்ந்திருக்க, அதன் பின்னே காரை நனைந்து கிடப்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

கேள்வி: சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைத் தூள் படிகிறது. பூஞ்சையா?

ஒரு சிட்டிகை எடுத்து நீரில் போடுங்கள். கரைந்தால் பெரும்பாலும் உப்பு. துடைத்தால் போகும், ஈரம் இருக்கும்வரை திரும்ப வரும்.

கேள்வி: குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், முழங்கால் உயரத்துக்கு வண்ணம் கொப்பளித்து உதிர்கிறது. நீர்புகா வண்ணம் எது அடித்தால் நிற்கும்?

எதுவும் நிற்காது. இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆயினும் மாதம் தவறாமல் வருகிறது. நீர் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்க, இந்தப் பக்கத்தில் ஒரு படலத்தை ஒட்டினால், நீர் அந்தப் படலத்தைப் பின்னாலிருந்து தள்ளும். அதில் கரைந்துவந்த உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். அதற்குள், ஆவியாக வழியில்லாத ஈரம் இன்னும் கொஞ்சம் மேலேறி, முழங்கால் உயரத்தில் இருந்தது இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கும்.

இப்படி ஒரு வீட்டில், உதிர்ந்து கிடந்த சில்லு ஒன்றை எடுத்து அதன் விளிம்பைப் பார்த்தேன். வெளிர்பச்சை, மஞ்சள், மறுபடி மஞ்சள், வெள்ளை, கடைசியாகப் பளபளவென்று நீர்புகா வண்ணம்: ஐந்து பூச்சுகள், இடையிடையே பட்டி. ஐந்து முறையும் யாரோ வந்து சுரண்டிப் பூசிப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சுவருக்கு அப்பாலுள்ள குளியலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே தரை வடிகாலின் வாயைச் சுற்றி நகக்கண் அளவுக்கு ஓர் இடைவெளி. நாணயத்தால் தட்டியபோது அதைச் சுற்றியிருந்த நான்கு ஓடுகளும் பொக்கென்று ஒலித்தன. தரையின் வாட்டமோ வடிகாலை விட்டுச் சுவரை நோக்கி இருந்தது.

ஆகவே முதலில் நீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். அதுவரை சுவரைத் தொடாதீர்கள். குளியலறையில் அதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீரளவி இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. நகரவில்லை என்றால், வடிகாலை அடைத்துத் தரையில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நீரைத் தேக்கி, அளவைக் கோடிட்டு, ஒரு நாள் விடுங்கள். நீர் மட்டம் தாழ்ந்து மறுபக்கச் சுவரில் ஈரம் கூடினால் குற்றம் தரையில். அடைப்பான் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை மட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். தேங்கியபோது ஒன்றும் நேராமல், திறந்துவிட்ட பிறகு ஈரம் கண்டால் வடிகால் குழாயைப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் சுவருக்குச் சில நாள் ஓய்வு கொடுங்கள். இவற்றில் எதையும் செய்யாமல் வண்ணம் வாங்கப் போகிறவருக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: வெப்பப் படக்கருவியில் கூரையின் ஒரு மூலை நீலமாகத் தெரிந்தது. கசிவு உறுதிதானே?

உறுதி இல்லை. அந்தக் கருவிக்கு நீர் தெரியாது. மேற்பரப்பின் வெப்பநிலை மட்டுமே தெரியும். ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து நீலமாகத் தெரியலாம். குளிர்சாதனத்தின் காற்று நேராகப் படும் மூலையும், வெப்பக் காப்பு விட்டுப்போன இடமும் அப்படியே தெரியலாம். அங்கே ஈரமானியை வைத்து உறுதிசெய்தாரா என்று பரிசோதகரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எங்கோ கசிகிறது. படம் இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்?

படத்தில் ஒரு சுவரும் பாதி நாற்காலியும் தெரிகின்றன. அது எந்தத் தளம், சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது, மழை நாளில் மட்டும் வருகிறதா எப்போதும் வருகிறதா என்ற மூன்றையும் எழுதாமல், படத்தைப் பார்த்துக் குறி சொல்ல நான் சோதிடன் அல்லன்.

கேள்வி: பரிசோதனை முடித்துத்தான் வீடு வாங்கினோம். குடிபுகுந்து சமையலறை அலமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. பரிசோதகர் ஏமாற்றிவிட்டாரா?

அறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் படித்தீர்களா? பரிசோதனை என்பது பொதுவாகக் கண்ணுக்கு எட்டியதைப் பார்ப்பது; சுவரை உடைப்பதும் பொருள்களை நகர்த்துவதும் அதில் சேராது. பார்க்க இயலாத இடங்களின் பட்டியலில் அந்தச் சுவர் இருந்தால் குறை அவருடையது அன்று. பட்டியலிலும் இல்லை, அறிக்கையிலும் இல்லை என்றால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அலமாரியே சில தடயங்களைக் காட்டியிருக்கும்: கீழ் இழுப்பறையைக் கழற்றினால் பின்பலகையின் அடி உப்பியிருக்கும், திருகாணித் தலைகள் துருவேறியிருக்கும். அதைப் பார்க்காத பரிசோதகரை நான் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன். பூஞ்சையைத் துடைக்குமுன் நீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். நனைந்த பலகையில் அது ஓரிரு நாளிலேயே மறுபடி வேர்விடும்.

கேள்வி: கூரைத் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமெண்ட் பூசி மூடிவிடலாமா?

கூடாது. துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். காரையைத் தள்ளியது அதுதான். மூடினால் மறுபடி தள்ளும். கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அவர் வரும்வரை அதன் கீழே கட்டில் போடாதீர்கள்.

கேள்வி: கசிவை அடைத்துவிட்டோம். எத்தனை நாளில் வண்ணம் அடிக்கலாம்?

சுவரின் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் இருந்தால் குறையும், உப்பிய பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டால் இன்னும் குறையும். விருந்தினர் வருகிறார்கள், விழா வருகிறது என்று அவசரப்படுத்தி எழுதியிருக்கிறீர்கள். விழா முடியும்வரை அந்தச் சுவரின் முன் ஒரு திரையைத் தொங்கவிடுங்கள், ஒரு சாண் இடைவெளி விட்டு.