எந்தப் பக்கத்துல இருந்து படிக்கணும்? பழைய எழுத்துகள் பத்தி கேள்வி பதில்

வணக்கம் மக்களே. கல்வெட்டுல மைப்படி எடுக்கிற வேலையில, அதாவது கல்லு மேல தாளை ஒட்டி எழுத்தை மையில நகல் எடுக்கிற வேலையில, 20 வருஷத்துக்கு மேல ஓட்டியாச்சு, ரெண்டு மணி நேரம் உக்காந்து பதில் சொல்றேன்னு ஒத்துக்கிட்டேன். பழைய எழுத்து எந்தத் திசையில ஓடுச்சுங்கிறது மட்டும்தான் இன்னிக்கு. நாடி ஜோசியம், புதையல் கல்வெட்டு எல்லாம் கேட்டா தாண்டிப் போயிடுவேன், கோவிச்சுக்காதீங்க.

பனங்காடு: அக்கா, சிந்து எழுத்தை இன்னும் யாராலயும் படிக்க முடியலங்கிறாங்க. படிக்கவே முடியாத எழுத்து வலமிருந்து இடமா ஓடுதுன்னு மட்டும் எப்படிச் சொல்றீங்க?

இதுக்காகத்தான் வந்தேன். ஸ்கூல் நோட்டு லேபிள்ல பேர் எழுதுற பையனைப் பாருங்க. "ஞானசௌந்தரி"ன்னு அக்கா பேரை ஜோரா பெருசா ஆரம்பிப்பான், "சௌந்"வரைக்கும் வந்ததும் இடம் தீந்துடும், மிச்சத்தைக் குட்டியா நசுக்கி ஓரத்துல சொருகிடுவான். தமிழே தெரியாத ஆள் பாத்தாலும் எந்த ஓரம் நசுங்கியிருக்கோ அதுதான் முடிவுன்னு கண்டுபிடிச்சிடுவான். சிந்து பொறிப்புகள்ல அந்த நசுக்கல் இடது ஓரத்துல இருக்கு, அவ்வளவுதான் விஷயம். இன்னொண்ணு, ராஜஸ்தான்ல காளிபங்கன்ங்கிற சிந்து நாகரிக ஊர்ல கிடைச்ச பானை ஓடு. அதுல ஒரு குறியோட கீறல் பக்கத்துக் குறி மேல ஏறிப் போயிருக்கு, மேல ஏறினதுதானே பின்னாடி கீறினது, அதை வெச்சு எழுதினவன் கை வலதுல இருந்து இடது பக்கம் போச்சுன்னு தொல்லியல் ஆய்வாளர் பி.பி. லால் 1966ல காட்டினார். அப்புறம் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977ல போட்ட சிந்து எழுத்துத் தொகுப்பு இருக்கு, 417 குறிகளைப் பிரிச்சு எது எங்க வருதுன்னு அட்டவணை போட்டிருப்பார். ரொம்ப அதிகமா வர்ற அந்த ஜாடி மாதிரி குறி, பெரும்பாலும் தொடரோட இடது கடைசியிலதான் வந்து உக்காரும். மொத்தத்துல 80 சதவீதத்துக்கு மேல வலமிருந்து இடம். மிச்சத்துல இடமிருந்து வலமும் இருக்கு, இல்லன்னு சொல்லல.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை இன்னிக்கு நிறைய தடவை சொல்லப் போறேன்னு தெரியும்: நீங்க பாக்குற போட்டோ முத்திரையா, இல்ல அதைக் களிமண்ல அமுக்கின பதிவா? முத்திரைக் கல்லுல எழுத்து கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பித்தான் வெட்டியிருக்கும், நம்ம ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. பதிவைத்தான் படிக்கணும்.

கல்லுளி: நான் கல் வேலைக்காரன், பேர் பலகை, கல்லறைக் கல் வெட்டுறேன். வலது கையில சுத்தியல், இடது கையில உளி, அதனாலதான் அந்தக் காலத்துல வலமிருந்து இடமா வெட்டினாங்கன்னு ஒருத்தர் சொன்னார். எங்க பட்டறையில யாரும் அப்படிப் பண்றதில்லையே மேடம்?

அண்ணா, நீங்களே பதில் சொல்லிட்டீங்க. இந்தச் சுத்தியல் கதையை 20 வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க முதல்ல கல்லு மேல எழுதிக்கிறீங்க, அப்புறம்தானே வெட்டுறீங்க? வெட்டும்போது நடு எழுத்துல ஆரம்பிச்சாக்கூட யாருக்கும் தெரியப் போறதில்ல. அதோட சுத்தியல்தான் காரணம்னா கிரேக்கன் ஏன் மாறினான்? ஃபினீஷியன்கிட்ட எழுத்தை வாங்கினப்போ வலமிருந்து இடமாத்தான் எழுதினான், நெஸ்டர் கிண்ணம்னு கி.மு. 8ம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒண்ணு இத்தாலியில இஸ்கியா தீவுல கிடைச்சுது, அதுல அப்படித்தான் கீறியிருக்கு. பின்னாடி ரெண்டு பக்கமும் எழுதினான், கடைசியில இடமிருந்து வலமா நின்னுட்டான். அதே கை, அதே சுத்தியல். ஒரே காரணத்தைச் சொல்லி முடிச்சுடுற ஆளை நம்பாதீங்க.

வாய்க்கால் வரப்பு: ரெண்டு பக்கமும்னா என்ன அர்த்தம் அக்கா?

ஏர் ஓட்டுற மாதிரி. ஒரு சால் இந்தப் பக்கம் போய் வரப்புகிட்ட மாட்டைத் திருப்பி அடுத்த சால் அந்தப் பக்கம் வரும்ல, கிரேக்கத்துல அதுக்குப் பேரே மாடு திரும்புற மாதிரின்னுதான் அர்த்தம். கிரீட் தீவுல கோர்டின்ங்கிற ஊர்ல சுவர் முழுக்க சட்டம் வெட்டி வெச்சிருக்காங்க, கி.மு. 5ம் நூற்றாண்டு, 12 பத்தி, சுமார் 600 வரி, சொத்து, கல்யாணம், விவாகரத்துன்னு எல்லாம் இருக்கு. முதல் வரி வலமிருந்து இடம், அடுத்தது இடமிருந்து வலம், இப்படியே போகும். இதுல அழகு என்னன்னா வரி திரும்பும்போது எழுத்தும் சேந்து திரும்பும். நம்ம 'E'ங்கிற எழுத்தோட மூணு பல்லும் ஒரு வரியில இடது பக்கம் நீட்டிக்கிட்டிருக்கும், அடுத்த வரியில வலது பக்கம். வரி எந்தப் பக்கம் போகுதுன்னு அந்தப் பல்லைப் பாத்தே சொல்லிடலாம்.

நம்ம பக்கத்துலயே இருக்கு, கர்னூல் மாவட்டத்துல எர்ரகுடி. அசோகர் சிறு பாறைக் கல்வெட்டு, பிராமி எழுத்து, சில வரி திடீர்னு வலமிருந்து இடமா ஓடும். ஒண்ணு விட்டு ஒண்ணுன்னு ஒழுங்கு கூட கிடையாது.

ராத்திரி ஷிப்ட்: எகிப்து பத்தி சொல்லுங்க.

அவங்களோடது பட எழுத்து. அதுல பறவை, பாம்பு, ஆள் எல்லாம் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிக்கணும், மூஞ்சிக்கு எதிரா நடந்து போங்க. வாசல் ரெண்டு பக்கமும் ஜோடி சேர்றதுக்காக ஒரே வாக்கியத்தை இந்தப் பக்கம் ஒரு திசை, அந்தப் பக்கம் ஒரு திசைன்னு எழுதுவாங்க.

வினோத்2: சிந்து எழுத்து இடமிருந்து வலம்தான்னு ஒரு வீடியோ பாத்தேன், முத்திரையை ஜூம் பண்ணியே காட்டுறார்.

முத்திரையைக் காட்டினாரா, பதிவைக் காட்டினாரா? மேல முதல் பதில்.

மூக்குத்தி: எங்க கொள்ளுத் தாத்தா ஓலைச்சுவடி ஒரு கட்டு இருக்கு மா, படிச்சுச் சொல்ல முடியுமா?

ஓலை என் ஏரியா இல்லம்மா. சென்னையில அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், இல்லன்னா தஞ்சாவூர் சரஸ்வதி மகால், ரெண்டுல ஒண்ணுல கேளுங்க. அதுவரைக்கும் எண்ணெய் கிண்ணெய் எதையும் நீங்களா தடவாதீங்க.

தென்றல்: எனக்கு ஒரு லாஜிக் இடிக்குது. தமிழ் இடமிருந்து வலம். சிந்து எழுத்து வலமிருந்து இடம். அப்போ அது தமிழோட சொந்தக்கார மொழியா இருக்கவே முடியாதுல்ல?

முடியாதுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது தம்பி. திசை எழுத்தோட குணம், மொழியோட குணம் இல்ல.

குறிஞ்சி: தப்பு. எழுத்தும் மொழியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அது திராவிட மொழின்னு சொல்றதுக்காக மேடம் திசையை ஓரங்கட்டுறாங்க.

தென்றல்: அதேதான் நானும் கேக்கறேன்.

ராத்திரி ஷிப்ட்: ஆரம்பிச்சுட்டாங்கய்யா.

சரி, இதுக்கு உக்காந்தே பதில் சொல்றேன். சிந்து மொழி எதுன்னு நான் இங்க ஒரு வார்த்தை சொல்லல, அதை என் வாயில திணிக்காதீங்க. நான் சொன்னது திசையை மட்டும். பஞ்சாபி ஒரே மொழி, அமிர்தசரஸ்ல குர்முகியில இடமிருந்து வலமா எழுதுறாங்க, லாகூர்ல ஷாமுகியில வலமிருந்து இடமா. துருக்கிக்காரங்க 1928ல லத்தீன் எழுத்துக்கு மாறினாங்க, மொழி மாறல, திசை அப்படியே திரும்பிடுச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு, கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் பழைய முஸ்லிம் வீடுகள்ல கேட்டுப் பாருங்க. அர்வின்னு சொல்ற அரபுத் தமிழ், சுத்தமான தமிழை அரபு எழுத்துல எழுதினது, அது எந்தப் பக்கம் ஓடும்? வலமிருந்து இடம். அதை எழுதின நம்ம ஆளுங்க பேசினது தமிழ் இல்லையா?

குறிஞ்சி: அதெல்லாம் பின்னாடி வந்தது. அசோகர் காலத்துல அப்படிக் காட்டுங்க.

காட்டுறேனே. கர்நாடகாவுல சித்ரதுர்கா மாவட்டம், பிரம்மகிரி. பிராகிருத மொழியில அசோகர் கல்வெட்டு, பிராமியில இடமிருந்து வலமா. கடைசியில எழுதினவர் தன் பேரைப் போட்டிருக்கார், சபடன்னு. பேருக்குப் பக்கத்துல "எழுத்தர்"ங்கிற வார்த்தையை மட்டும் கரோஷ்டி எழுத்துல போட்டிருக்கார், கரோஷ்டி வலமிருந்து இடம். வடமேற்குல, இப்போ பாகிஸ்தான்ல இருக்கிற ஷாபாஸ்கர்ஹி, மான்செரா பக்கம் புழங்கின எழுத்து, அங்க அசோகர் சாசனம் முழுக்க அதுலதான் இருக்கு. ஒரே ஆள், ஒரே பிராகிருதம், ஒரே பாறை, ரெண்டு திசை. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும், கர்நாடகாவுல அதைப் படிக்க யார் இருந்திருப்பான்னு தெரியாம சும்மா ஸ்டைலா ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிருக்கார் மனுஷன்.

தென்றல்: சரி அக்கா, ஒத்துக்கறேன்.

குறிஞ்சி: நான் ஒத்துக்கல.

பரவாயில்ல.

அம்முவின் அம்மா: என் பொண்ணுக்கு 5 வயசு, 'க', 'ட' எல்லாம் திருப்பித் திருப்பி எழுதுறா. பயமா இருக்கு.

இந்த வயசுல நிறையப் பிள்ளைங்க அப்படித்தான் எழுதும்மா. ரொம்ப நாள் மாறலன்னா டீச்சரையோ டாக்டரையோ பாருங்க, என்னை மாதிரி கல் தடவுற ஆளைக் கேக்காதீங்க.

சீனத்து மிளகாய்: சைனீஸ், மங்கோலியன் ரெண்டும் மேல இருந்து கீழதானே, ஒண்ணுதானா?

இல்ல. பழைய சீனத்துல பத்திகள் வலமிருந்து இடமாப் போகும், மங்கோலியத்துல இடமிருந்து வலமா. மங்கோலிய எழுத்து உய்குர் எழுத்து வழியா மத்திய ஆசியாவோட பழைய சோக்டிய எழுத்துல இருந்து வந்தது, படுக்க வெச்சு எழுதினதை 90 டிகிரி திருப்பி நிக்க வெச்ச மாதிரி. சீனாவுல மக்கள் நாளிதழ் 1956 ஜனவரி 1ல இருந்து படுக்கை வரிக்கு மாறிடுச்சு.

வட்டம்: கிரீட்ல களிமண்ல குறிகளை அச்சா அமுக்கின ஃபைஸ்டாஸ் தட்டு இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கு?

தெரியாது. தெரியும்னு சொல்றவங்ககிட்ட காசு குடுக்காதீங்க. திசை மட்டும் வெளி விளிம்புல இருந்து நடுவுக்கு, ஒரு அச்சு இன்னொண்ணு மேல ஏறியிருக்கிறதை வெச்சு. காளிபங்கன் ஓடு மாதிரியேதான்.

சுந்தர்_ஹிஸ்டரி: சிந்து முத்திரை இடமிருந்து வலம்னு...

மேல.

ஃபேஸ்புக் புலவர்: சிந்து எழுத்தை ஏன் எல்லாரும் தப்பான பக்கத்துல இருந்து படிக்கறாங்க?

ஐயா, மேல. மூணாவது தடவை. முத்திரையா பதிவா, அதை மட்டும் பாத்துட்டு வாங்க. இதுல நானே ஒரு தடவை சிக்கியிருக்கேன், அதனாலதான் கத்துறேன். நாங்க மைப்படி எடுக்கும்போது ஈரத் தாளை கல்லு மேல ஒட்டி பிரஷ்ஷால அடிச்சு வெளிப்பக்கம் மை ஒத்துவோம், அதனால மைப் பக்கம் எழுத்து நேராத் தெரியும், பின்பக்கம் திரும்பித் தெரியும். மெல்லிசுத் தாள், ஒருநாள் சாயங்காலம் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து ஒரு பெரியவருக்கு அனுப்பிட்டேன். ராத்திரி முழுக்க முழிச்சு அதை ஏதோ புது எழுத்துன்னு நினைச்சு எட்டுப் பக்கம் குறிப்பு எழுதிட்டார் பாவம். காலையில போன்ல அவர் குரல்ல இருந்த சந்தோஷத்தைக் கேட்டு உண்மையைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆச்சு.

கல்லுளி: மேடம், இப்போ சும்மா ஒரு துண்டுக் கல்லுல என் பேரை வலது பக்கத்துல இருந்து வெட்டிப் பாத்தேன். ஒண்ணும் கஷ்டமா இல்ல. கடைசி எழுத்துக்குத்தான் இடம் பத்தல.

அதை எறிஞ்சுடாதீங்க அண்ணா, போட்டோ எடுத்துப் போடுங்க.

பனங்காடு: அக்கா கடைசியா ஒண்ணு. மியூசியத்துல எடுத்த போட்டோ, கீழ எதுவும் எழுதல. ஒற்றைக்கொம்பு மாடு இடது பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது, மேல குறிகள், வலது ஓரத்துல ரெண்டு குறி ரொம்ப நெருக்கமா நசுங்கி இருக்கு. அப்போ இது பதிவு இல்ல, முத்திரையேதானே?

முத்திரையேதான். நான் சாப்பிடப் போறேன்.