"எலி வளர்க்கவா இத்தனை படிப்பு?"

அன்புள்ள அம்மாவுக்கு,

"நீட் எழுதுடி என்றால், எலி வளர்க்கப் போகிறேன் என்று நிற்கிறாள்" என்ற உங்கள் வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகள் கேட்பது எலி வளர்ப்பு இல்லை, எலியை வைத்து மூளையை ஆராயும் நியூரோசயின்ஸ் படிப்பு. உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு.

சுண்டெலியின் மூளை அரை கிராம்கூட இருக்காது. அதன் அடிப்படை அமைப்பு நம் மூளையோடு நிறைய ஒத்துப்போகும். கர்ப்பம் ஏறக்குறைய 20 நாள்தான், பிறந்த குட்டி கண் திறக்க இன்னும் இரண்டு வாரம். குழந்தையிடம் வருடக்கணக்கில் கவனிக்க வேண்டிய வளர்ச்சியை இதில் சில வாரங்களில் பார்த்துவிடலாம். 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் மேரியன் டயமண்டும் அவருடைய சகாக்களும் சில எலிகளை விளையாட்டுப் பொருளும் துணையும் உள்ள கூண்டில் வளர்த்தார்கள், சிலவற்றைத் தனியே வெறுங்கூண்டில் விட்டார்கள். முதல் கூட்டத்தின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, தடித்திருந்தது. 1977-இல் லூயிஸ் சோகலோஃப் குழு, கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற ஒரு பொருளை எலிக்குச் செலுத்தி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் இழுக்கிறது என்று அளக்கும் வழியை வெளியிட்டது. இன்று ஆஸ்பத்திரியில் எடுக்கிற பெட் ஸ்கேனுக்கு வழி போட்டவற்றில் அதுவும் ஒன்று. உங்கள் மகள் கைவைக்க நினைப்பது இந்த வேலையில்தான்.

சரி, சோறு போடுமா? போடும், தாமதமாக. ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடத்தில் 5 வருடம், அப்புறம் பிஎச்.டி. இன்னும் ஐந்தாறு வருடம். சி.எஸ்.ஐ.ஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி., நிம்ஹான்ஸ், மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் எல்லாம் இந்த வேலை நடக்கும் இடங்கள். உங்கள் மகள் எடுத்திருப்பது கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஐசர் நுழைவுத் தேர்வில் கணக்கும் உண்டு. இப்போதே ஒரு டியூஷன் பாருங்கள். ஆறு மாத "நியூரோசயின்ஸ் சர்டிபிகேட்" என்று யாராவது ஃபீஸ் கேட்டால் பர்ஸை மூடிவிடுங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை அவள் மனசு. என்னிடம் ஆலோசனைக்கு வந்துபோன ஒரு பெண் இப்போது இந்த ஆராய்ச்சியில் இருக்கிறாள். உறைய வைத்த எலி மூளையை 20 மைக்ரான் கனத்தில், தலைமுடியைவிட மெலிசாக, சீவ வேண்டும். சீவல் சுருண்டுகொள்ளும். சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் அதை நீவிவிட்டுக் கண்ணாடி ஸ்லைடில் ஏற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் சீவியது எல்லாம் குப்பைக்குத்தான் போனதாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னவள், அடுத்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "காலையில என் கையில ஏறி விளையாடின எலி சார் அது." விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். ஆனாலும் கொல்வது கொல்வதுதான். இதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள். முடியாது என்றால் கதவு மூடிவிடாது. அந்தப் பெண்ணோடு ஆராய்ச்சியில் சேர்ந்த பையன் ஒரு வருடத்தில் விலகி, அதே மூளைப் படங்களைக் கம்ப்யூட்டரில் அலசும் வேலைக்குப் போனான். நன்றாகத்தான் இருக்கிறான்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் "தூசி பட்டால் இவளுக்கு வீசிங் வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் ஆய்வகத்தில் இருப்பவர்கள் பலருக்கு அலர்ஜியைக் கிளப்பும், ஆஸ்துமா வரைக்கும் போகும். டியூஷனுக்கு முன்னால் இந்த வாரமே ஒரு அலர்ஜி டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.