அந்திக் கடற்கரைப் படங்களில் அலைகள் பனிமூட்டம்போல் தெரிவது எப்படி?

கேமராவின் ஷட்டரை நொடியின் சிறு பகுதிக்குத் திறக்காமல், ஒரு நொடி முதல் 30 நொடி வரையோ அதற்கு மேலோ திறந்துவைத்து எடுப்பதே நீண்ட நேர ஒளிப்பதிவு. அந்த நேரம் முழுவதும் அசையாமல் நிற்கும் தரங்கம்பாடிக் கோட்டைச் சுவர் ஒரே இடத்தில் பதிந்து தெளிவாகிறது. அலையோ கணத்துக்குக் கணம் வேறோர் இடத்தில் பதிவதால், அத்தனை பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மெல்லிய வெண்படலமாகிவிடுகின்றன. கார்த்திகையில் மாவளி சுற்றும்போது தனித்தனிப் பொறிகள் நெருப்பு வளையமாகத் தெரிகின்றனவே, ஏறக்குறைய அதே கணக்குதான்.

வெளிச்சம் மிகுந்தால் படம் வெளுத்துவிடும். ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி வடிகட்டியை லென்சின் முன் பொருத்தினால், நொடியில் 30-இல் ஒரு பங்கு போதுமான இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் திறந்துவைக்கலாம். முக்காலி கட்டாயம், ஈர மணலில் அதன் கால்கள் மெல்லப் புதைவதைக் கவனிக்காமல் நான் இழந்த படங்கள் பல.

பூம்புகார், நாகப்பட்டினம் போன்ற நம் கிழக்குக் கரைகளில் சூரியன் நிலத்தின் பக்கம் மறைவதால், கடல்மேல் எஞ்சிய செவ்வொளிதான் கிடைக்கும். அது மங்கலானது என்பதால் பெரும்பாலும் வடிகட்டிகூடத் தேவைப்படாது.

இவை கணினியில் திருத்திய படங்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அலையின் இந்த மென்மை, ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவுக்குள் உருவாகிவிடுகிறது.